பூட்டிய வீட்டில் குடியிருந்தவர்

எங்கள் ஆம்பல் ஹைட்ஸில் எண்பத்து நான்கு வீடுகள். அதில் ஐம்பத்தேழு பூட்டிய வீடுகள். சொந்தக்காரர்கள் தோஹாவிலும் மஸ்கட்டிலும் ஷார்ஜாவிலும் வெந்துகொண்டிருக்க, அவர்களுடைய வீடுகள் இங்கே காக்கநாட்டில் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் குளிர்ந்து கிடக்கும். எர்ணாகுளத்து ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் அலமாரிக் கதவு ஊதும், மெத்தையில் பூஞ்சை பூக்கும், கழிவறையில் தண்ணீர் வற்றி அந்த வழியாகக் கரப்பான்கள் ஏறி வந்து குடும்பம் நடத்தும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் அந்த வீடுகளைத் திறந்து காற்றுக் காட்டுவதற்கு ஒரு கம்பெனி உண்டு. பெயர் பரிபாலகம். ஜன்னலைத் திறப்பார்கள், மின்விசிறியைச் சுழல விடுவார்கள், குழாயை ஓட விடுவார்கள், பூட்டிக்கொண்டு போவார்கள். நல்ல காரியம்தானே என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்பது ஏ. வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் நாகர்கோவில். இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என்னை இங்கே எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். என் ஏழு தலைமுறையில் யாரும் மளிகைக் கடை வைத்ததில்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

எதிர்வீடு ஒன்பது பி, பௌலோஸுடையது. பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீடு. ஓமானில் சோஹாரில் ஒரு மீன் கிடங்கில் குளிர்பதன மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு, போன ஆடி மழையில் இரண்டு பெட்டியோடும் ஒரு மூட்டை ஈச்சம்பழத்தோடும் வந்து இறங்கினார். கோதமங்கலத்தில் மாமியாரோடு காலம் தள்ளிய அவர் மனைவி ரோசிலியும் வந்து சேர்ந்தாள். மகள் லின்சி மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம் கழித்து அவர்கள் இருவரும் மட்டும் ஒரு வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை.

வந்த மறுநாள் என் வீட்டுக்கு ஈச்சம்பழம் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, அங்க எங்க ரூம்ல எட்டுப் பேரு. மூணு ஷிப்ட்டு. எப்பவும் யாராவது வருவான், போவான், லைட்டப் போடுவான். கதவுக்குத் தாழ்ப்பாளே கெடயாது. நேத்து நான் இங்க மொத வேலையா என்ன பண்ணேன் தெரியுமா? தாழ்ப்பாளப் போட்டுட்டு மத்தியானம் பூரா தூங்கினேன். அவ சோத்துக்கு எழுப்பினா, எந்திரிக்கல."

அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மாளிகை கேட்கவில்லை, நீச்சல் குளம் கேட்கவில்லை. தன் கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்ள வேண்டும், வேறு யாரும் அதை வெளியிலிருந்து திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அந்தக் கதவு வெளியிலிருந்து திறந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, பகல்தானே என்று விட்டிருந்தார்கள். கூடத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ரோசிலி நிமிர்ந்து பார்த்தால், சாவிக்கொத்தோடு ஒருவன் நிற்கிறான். பெயர் மோகனன். பின்னால் வாளியோடு ஷைலஜா.

"யாருடா நீ?"

"பரிபாலகம், சேச்சி. காத்துக் காட்ட வந்திருக்கோம்."

"நாங்க இங்கதான இருக்கோம். காத்த நாங்களே காட்டிக்கிறோம்."

மோகனன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "ஒன்பது பி. பூட்டின வீடு. ஆள் இல்லன்னு போட்டிருக்கு சேச்சி."

"அப்ப நான் யாரு?"

"அது இந்தத் தாள்ல இல்ல சேச்சி. கொஞ்சம் காலத் தூக்கிக்கிறீங்களா, தொடைக்கணும்."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பௌலோஸ் கழிவறையில் இருந்தார். அவர் வெளியே வரும்வரை மோகனன் கதவுக்கு வெளியே அடக்க ஒடுக்கமாகக் காத்து நின்றான். வந்ததும் உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

"டேய், நான் இப்பதான் ஊத்திட்டு வந்தேன்."

"அது நீங்க ஊத்தினது சேட்டா. இது கம்பெனி ஊத்துறது."

அன்று மாலையே பௌலோஸ் என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் விபின்லால், முப்பத்தைந்து வயது, எப்போதும் இப்போதுதான் குளித்து வந்தது போல இருப்பார். எங்களை உட்காரவைத்து, கட்டன் சாயா வரவழைத்து, கணினியில் ஒரு காகிதத்தைக் காட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பௌலோஸ் எழுதிக்கொடுத்த பவர் பத்திரம்.

வளைகுடாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் விதமே தனி. ஊரிலிருந்து ஏஜெண்டு வருவான், சாப்பாட்டு நேரம் அரை மணிதான் இருக்கும், காரின் முன்பக்கத்தில் வைத்து அவன் விரல் காட்டுகிற இடத்திலெல்லாம் போட்டுவிட்டு ஓடுவார்கள். பௌலோஸும் அப்படித்தான் போட்டிருந்தார். 'நான் நேரில் குடியிருந்தால் மேற்படி வீட்டில் என்னவெல்லாம் செய்வேனோ, அவை அனைத்தையும் என் சார்பில் செய்யக் கம்பெனிக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்' என்று அதில் இருந்தது.

"சரி, இப்ப நான்தான் வந்துட்டேனே," என்றார் பௌலோஸ்.

"நீங்க வந்ததுல கம்பெனிக்கு ரொம்ப சந்தோஷம் சேட்டா. ஆனா வந்துட்டேன்னு நீங்களே சொன்னா எப்படி? நாளைக்கு யாரு வேணும்னாலும் வந்து நான்தான் பௌலோஸ்னு சொல்லலாம். உங்க வீட்டப் பாதுகாக்கறதுக்காகத்தான் உங்களச் சந்தேகப்படறோம். அதுக்கு நீங்க பெருமைப்படணும்."

பௌலோஸ் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். விபின்லால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா வந்திருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

"பவர் வந்தது சோஹார் விலாசத்துலேர்ந்து. ரத்து பண்ற கடுதாசியும் அதே விலாசத்துலேர்ந்துதான் வரணும். அங்க இருந்துகிட்டு, நான் இங்க குடியிருக்கேன்னு எழுதணும்."

"அங்க இருக்கறவன் எப்படி இங்க குடியிருப்பான்?"

"அதனாலதான் சேட்டா, இதுவரைக்கும் யாரும் எழுதல."

நான் இடையில் புகுந்து, உள்ளே நுழைவதற்கு முன் ஒரு தகவலாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லாம நுழைவோமா அண்ணாச்சி? நாங்க என்ன திருடங்களா? ஒவ்வொரு வாரமும் சோஹார் தபால் பெட்டிக்கு நோட்டீஸ் போகுது. ஏழு நாள்ல ஆட்சேபம் வரலன்னா சம்மதம்னு அர்த்தம். பன்னெண்டு வருஷத்துல சேட்டன் ஒரு தடவகூட ஆட்சேபிச்சதில்ல."

"நான் தாழ்ப்பாள் போட்டுக்குவேன்," என்றார் பௌலோஸ், மெதுவாக.

விபின்லாலின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "அப்படிப் பண்ணிடாதீங்க சேட்டா. ஆளில்லாத வீட்ல உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருந்தா அதுக்குப் பேரு என்ன? நாங்க போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும்."

பௌலோஸ் புகார் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பலன் இருந்தது. ஒன்பது பி-க்குச் சேவை போதவில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. அடுத்த வாரம் மின்தூக்கியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். 'காற்று மட்டும் ஒரு வீட்டைக் காப்பாற்றாது. வீடு என்பது வாழப்பட வேண்டியது. ஆகவே பூட்டிய வீடுகளில் இனி வாழ்வுச் சேவை தொடங்கப்படுகிறது.' நான் அதைப் படித்துச் சிரித்தேன். அப்போது சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல் இருக்கிறது.

வாழ்வுச் சேவை என்றால், சோபா இறுகிப் போகாமல் இருக்க மோகனன் அரை மணி அதில் உட்கார்ந்திருப்பான். மெத்தை கட்டி பிடிக்காமல் இருக்க மத்தியானம் ஒரு மணி நேரம் கட்டிலில் படுத்திருப்பான். பௌலோஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் போனபோது மோகனன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு சேட்டா," என்றான். "நான் வீட்ல பாயிலதான் படுக்கறவன். கட்டில்ல தூக்கமே வர மாட்டேங்குது. ஆனா தூங்கணும்னு போட்டிருக்கான்."

"தூங்குடா," என்றார் பௌலோஸ். "நானாச்சும் ஒருத்தன் தூங்கறதப் பாத்துக்கறேன்."

அடுப்பு துருப்பிடிக்காமல் இருக்க ஷைலஜா கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சமைத்தாள். பவர் பத்திரத்தில் மதம் என்ற இடத்தில் யாக்கோபாயா கிறிஸ்தவர் என்று இருந்ததால், கம்பெனி அச்சடித்துக் கொடுத்த அட்டையைப் பார்த்து மோகனன் மாதா படத்தின் முன் மண்டியிட்டு அந்திப் பிரார்த்தனை சொன்னான். அவன் வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறவன். பாவம், இரண்டு இடத்தில் தடுமாறினான். ரோசிலிதான் எடுத்துக் கொடுத்தாள்.

அது வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் பேச்சுச் சேவை சேர்ந்தது. குடும்பப் பேச்சுச் சத்தம் படாத சுவர் சீக்கிரம் ஈரம் கோக்கும் என்று கம்பெனியில் யாரோ நிபுணர் கண்டுபிடித்திருந்தார். சாப்பாட்டு மேசையின் இருபுறமும் மோகனனும் ஷைலஜாவும் உட்கார்ந்துகொண்டு, அட்டையைப் பார்த்துக் கால் மணி நேரம் பேச வேண்டும்.

"பொண்ணு போன் பண்ணாளா?" என்று மோகனன் படித்தான்.

"பண்ணா. உங்களத்தான் கேட்டா," என்று ஷைலஜா படித்தாள்.

"முட்டி வலி எப்படி இருக்கு உனக்கு?"

"நீங்க கேட்டதே போதும், பாதி கொறஞ்சுடுச்சு."

ரோசிலி சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முட்டி வலி உண்டு. முப்பத்து மூன்று வருடத்தில் யாரும் அவளை நேருக்கு நேர் உட்கார்ந்து அப்படிக் கேட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பௌலோஸ் அவள் பக்கத்தில் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மோகனன் அதை அட்டையிலிருந்து சொல்லிவிட்டான்.

எங்கள் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பௌலோஸ் ஒரு தீர்மானம் கொடுத்திருந்தார்: ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஆளின் அனுமதி இல்லாமல் கம்பெனி நுழையக் கூடாது. நேரில் வந்த இருபத்தேழு வீட்டுக்காரர்களும் இது நியாயம்தான் என்றோம். எங்கள் சங்கத் தலைவர் ஜோஸ்குட்டி ஒன்பது வருடமாகத் தோஹாவில் இருக்கிறார். தலைவர் நாற்காலியில் ஒரு திரையை வைத்து அதில் அவர் முகத்தைக் காட்டினார்கள். பின்னால் யாரோ குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. நாங்கள் இருபத்தேழு பேரும் கையைத் தூக்கினோம். பௌலோஸும் தூக்கினார். அவரை எண்ணவில்லை. பிறகு விபின்லால் எழுந்து, பூட்டிய வீடுகளின் பவரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாக வாசித்தார்.

"ஒன்று ஏ, எதிர்ப்பு. ஒன்று சி, எதிர்ப்பு. இரண்டு பி, எதிர்ப்பு..."

அப்படியே வந்து, "ஒன்பது பி, எதிர்ப்பு," என்றார்.

பௌலோஸ் எழுந்தார். "ஒன்பது பி நான்தான். தீர்மானத்தக் கொண்டுவந்ததே நான்தான்."

"உங்க வோட்டு போட்டாச்சு சேட்டா. ஒரு வீட்டுக்கு ரெண்டு வோட்டு கெடயாது. அது ஜனநாயகம் இல்ல."

"என் வீட்டுக்குள்ள நீ வரலாம்னு என் வீடே வோட்டு போடுதா?"

"பவர்ல அப்படித்தான் சேட்டா இருக்கு. நீங்க இங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்களோ, அதத்தான் நாங்க செய்யறோம்."

திரையிலிருந்து ஜோஸ்குட்டி தொண்டையைச் செருமினார். "பௌலோசே, கோபப்படாத. நானும் ஒரு வீட்டுக்காரன்தான். என் வீட்டுக்கும் அவங்க வாரத்துக்கு ரெண்டு தடவ போறாங்க. சத்தியமாச் சொல்றேன், எனக்கு இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

இருபத்தேழுக்கு ஐம்பத்தேழு. தீர்மானம் தோற்றது. அடுத்து கம்பெனியின் தீர்மானம் வந்தது. பூட்டிய வீடுகளின் உட்புறத் தாழ்ப்பாள்கள் சேவைக்கு இடைஞ்சல், அவற்றைக் கழற்றிவிடலாம் என்பது. இதற்கு எதிராக எங்களில் நான்கு பேர்தான் கையைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எப்படியும் தோற்கப் போகிறோம், மணி ஒன்றாகிவிட்டது, பசி. இந்தக் காரணங்கள் அன்றைக்குப் போதுமானவையாக இருந்தன.

மறுநாள் ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றினான். கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் மக்கு வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். சுத்தமான வேலை.

"இனி இந்த வீட்ல என்னால இருக்க முடியாது," என்றாள் ரோசிலி. "துணி மாத்தறதுக்கு அரிசிப் பானைக்குப் பின்னால நிக்கிறேன் அண்ணாச்சி. சொந்த வீட்ல."

லின்சிக்கு அது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா போவது வழக்கம்தான். பௌலோஸும் கூடவே கிளம்பினார். அவர் போனது பேரப்பிள்ளையைப் பார்க்க அல்ல. மஸ்கட்டில் இறங்கியதும் பஸ் பிடித்து சோஹாருக்குப் போய், பழைய கிடங்கின் வாசலில் நின்று, 'நான் காக்கநாட்டில் என் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன்' என்று ஒரு கடிதம் எழுதி, அங்கேயே தபாலில் சேர்த்தார். தான் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அந்தக் கிடங்குத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். கம்பெனி நோட்டீசுகள் அடுக்கி வைத்த அப்பளம் மாதிரி இருந்தன. முந்நூறுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டாராம். நாலாம் நாள் தனியாகத் திரும்பி வந்தார். ரோசிலி பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து வருவதாக ஏற்பாடு.

கடிதம் வந்து சேர்ந்தது, எல்லாம் சரியாக இருந்தது, கம்பெனி ஏற்றுக்கொண்டது. பௌலோஸே நம்பவில்லை. விபின்லால் இதை ஒரு விழாவாகவே நடத்தினார். ஒன்பதாம் மாடியில் நடைபாதையில் நாற்காலிகள் போட்டு, லட்டு கொடுத்து, ஒன்பது பி கதவில் பித்தளைத் தகடு ஒன்றைத் திருகினார்கள். 'குடியிருப்பு வீடு. குடியிருப்பவர் சம்மதமின்றி நுழையத் தடை.' கம்பெனியிடம் இருந்த சாவியைப் பௌலோஸிடமே ஒப்படைத்தார்கள்.

"இந்தக் கட்டடத்தோட சரித்திரத்துல ஒரு பூட்டின வீடு குடியிருப்பு வீடா மாறுறது இதுதான் மொதல் தடவ," என்றார் விபின்லால். "கம்பெனிக்கு நேத்து வரைக்கும் இது ஒரு பொறுப்பு. இன்னைலேர்ந்து இது கோயில் நடை. உள்ள என்ன நடந்தாலும் நாங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டோம் சேட்டா. கதவு உங்களுது. உசுரே போனாலும் உங்க சம்மதம் இல்லாம அதத் தொட மாட்டோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பௌலோஸ் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெருவிரல் கனத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிவந்தார். மோகனன்தான் வேலை நேரம் முடிந்து வந்து பொருத்திக் கொடுத்தான். அன்று அதை முதலில் போட்ட சத்தம் என் வீட்டுக் கூடம் வரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பதினேழு நாள் அவர் ராஜா போல இருந்தார். மத்தியானம் தூங்குவார். நாலு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு என் வீட்டுக்கு வந்து கட்டன் சாயா குடிப்பார். "அண்ணாச்சி, பூட்டிட்டு தூங்கறது ஒரு போதை மாதிரி," என்பார்.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மஸ்கட்டிலிருந்து ரோசிலி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா அவரு கூப்பிடல. நான் அடிச்சாலும் எடுக்கல. சுகர் மாத்திரையத் தின்னுட்டு சாப்பிடாமப் படுத்துடுவாரு, அந்தப் பழக்கம் உண்டு. கொஞ்சம் பாருங்க."

கதவுக்கு வெளியே இரண்டு பால் பாக்கெட் கிடந்தன. ஒன்று புளித்து உப்பியிருந்தது. நேற்று நாலு மணிக்கு அவர் சாயாவுக்கு வரவில்லை. அதை நான் கவனித்தேன், தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது தட்டினேன், கூப்பிட்டேன், உதைத்தேன். கதவில் காதை வைத்தபோது உள்ளே தரையோடு தரையாக ஒரு முனகல் கேட்டது. ஒரு முறைதான். நான் படியிறங்கி ஓடினேன், மின்தூக்கிக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை.

விபின்லால் அப்போதுதான் வந்து கணினியைத் திறந்துகொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒன்பது பி-யா? அது குடியிருப்பு வீடாச்சே அண்ணாச்சி."

"தெரியும்யா. ஆசாரிய அனுப்பு, கதவ ஒடைக்கணும்."

"குடியிருப்பு வீட்டையா?" அவர் குரல் தாழ்ந்தது. "அண்ணாச்சி, போன மாசம்தான் எல்லாரும் சேந்து தகடு மாட்டினோம். நீங்களும் லட்டு சாப்பிட்டீங்க. இப்ப நாங்க போய் ஒடைச்சா, கம்பெனி பேச்சுக்கு என்ன மதிப்பு?"

"உள்ள முனகுறாருய்யா."

"முனகல் சம்மதம் ஆகாது. அது ஆட்சேபமாக்கூட இருக்கலாம்."

நான் அவரை அடிக்கப் போனேன் என்று பிறகு எழுதி வைத்திருக்கிறார்கள். போயிருப்பேன். அவர் கோபப்படவே இல்லை. நாற்பத்தெட்டு மணி நேர நோட்டீஸ் ஒன்றைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, மோகனனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். குடியிருப்பவர் அதில் கையெழுத்திட்டுக் கதவுக்கு அடியில் வெளியே தள்ளினால் ஆசாரி உடனே புறப்படுவான் என்றார்.

மோகனன் நோட்டீசைக் கதவுக்கு அடியில் தள்ளினான். பாதிதான் போயிற்று. மீதிப் பாதி எங்கள் காலடியில் நீட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கம்பெனிச் சட்டையைக் கழற்றி, மடித்து, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, பனியனோடு வந்து கதவில் தோளைக் கொடுத்தான். நானும் கொடுத்தேன். அறுபத்தெட்டு வயதுத் தோள். தீ விபத்து நேர்ந்தாலும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று கம்பெனி தேர்ந்தெடுத்துப் போட்ட எஃகுக் கதவு அது. உள்ளே பெருவிரல் கனத் தாழ்ப்பாள். அசையவில்லை.

"தாழ்ப்பாள நான்தான் மாட்டினேன் அண்ணாச்சி," என்றான் மோகனன். "நாலு திருகாணி போதும்னேன். எட்டு போடுடான்னாரு."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம் என்றார்கள், பதினேழு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது. நடைபாதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே வாசலில் சிவப்பு வண்டி நின்றது. முன்னால் குறுக்குக் கம்பி இறங்கியே இருந்தது. இரண்டு பேர் இறங்கி வந்து காவலாளியிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பி ஏறவில்லை.

அப்போது ஒன்பது பி-க்குள் மணி அடித்தது. இன்டர்காம்.

நான் வாசலுக்குப் போன் செய்தேன். காவலாளி உடனே எடுத்தான்.

"ஏன்யா வண்டிய நிறுத்தி வச்சிருக்க?"

"ஒன்பது பி-க்கு வந்திருக்கோம்னு சொல்றாங்க சாரே. குடியிருப்பு வீடு. வீட்டுக்காரரு சரின்னு சொன்னாத்தான் விட முடியும். அடிச்சுகிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு."

"அவரால எடுக்க முடியாதுய்யா. அதுக்குத்தான் அவங்க வந்திருக்காங்க. என் வீட்டுக்கு வந்தாங்கன்னு எழுதிக்கிட்டு விடு."

"ஒன்பது பி-ன்னு எழுதிட்டேனே சாரே. அடிச்சுத் திருத்தினா என் வேல போயிடும். விபின்லால் சார் பக்கத்துலதான் நிக்கிறாரு." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "பெருசா ஒண்ணும் பேச வேண்டாம் சாரே. எடுத்து 'சரி'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அடுத்த நிமிஷம் கம்பியத் தூக்கிடறேன்."

உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மோகனன் கதவில் காதை வைத்தான். நானும் வைத்தேன். எப்படியாவது ஊர்ந்து போய் அதை எடுத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று, வெட்கம் கெட்டுப்போய், நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.